மடிக்காரி மரத்துத் தொட்டில்

ஓலப்பட்டியில் கரும்பு வெட்டு தொடங்கி, ஆலைக்கொட்டகைகளில் பாகு காய்ச்சும் புகை ஊருக்கு மேலே நகராமல் நிற்கத் தொடங்கிய தை மாதத்தில், மடிக்காரி அம்மன் கோயில் இலுப்பை மரத்தில் பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் கட்டிவிட்டுப் போன எத்தனையோ தொட்டில்களில் ஒன்று மட்டும் கனக்கத் தொடங்கியது. அது என் அண்ணி பூங்கோதை கட்டிய தொட்டில்.

தொட்டில் என்றால் பெரிய தொட்டில் இல்லை. பிள்ளை இல்லாத பெண் தன் கல்யாணச் சேலை முந்தானையில் ஒரு சாண் கிழித்து, ஆற்றில் எடுத்த ஒரு கூழாங்கல்லை அதில் படுக்க வைத்து, இரண்டு முனையையும் முடிந்து கிளையில் தொங்கவிடுவாள். என்ன கொடுக்கிறேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போவாள். பிள்ளை பிறந்தால், சொன்னதைச் செலுத்திவிட்டு, கட்டிய அதே கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை தொடக்கூடாது. பிள்ளை பிறக்காவிட்டால் தொட்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்து நூல் நூலாக இற்றுப்போகும். ஆனால் இற்றுப்போகும் முன்பு கிளை ஒடிந்தோ முடிச்சு நழுவியோ தரையில் விழுந்துவிட்டால், அந்த வேண்டுதல் செத்துப்போனது என்று ஊரில் அர்த்தம். அதனால் அந்த மரத்தில் யாரும் ஏறுவதில்லை, ஆடு மாடு கட்டுவதில்லை, காற்று பலமாக அடித்தால் தொட்டில் கட்டிய பெண்கள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து மரத்தடியில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அண்ணி பல வருஷம் காத்திருந்துவிட்டுத்தான் தொட்டில் கட்டினாள். பிள்ளையின் முதல் வருஷம் முடியும்போது எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். மாசி மாதத்தில் மகிழினி பிறந்தாள். மாசி திரும்பி வருவதற்குள், கார்த்திகை மழையில் வந்த காய்ச்சலில், போய்விட்டாள். சேலத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கடைசிவரை பக்கத்திலேயே நின்றார், அவரும் சாப்பிடவில்லை என்று நர்ஸ் சொன்னாள். திரும்பி வரும்போது அண்ணன் அர்த்தநாரி அவளை மடியில் வைத்திருந்தான், வழியில் ஒரு இடத்தில் வெயில் மேலே பட்டபோது துண்டை இழுத்து அவள் முகத்தை மறைத்தான்.

வெல்லம் செலுத்தவில்லை, தொட்டில் அவிழ்க்கவில்லை. போய் அவிழ்த்துவிட்டு வா என்று அண்ணியிடம் சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அது கனப்பதை முதலில் தெரிந்துகொண்டவர் பூசாரி காளியண்ணன். சருகு கூட்டிக்கொண்டிருந்தவரின் தலையில் ஏதோ இடித்தது. அத்தனை நாளும் கையை நீட்டினால்தான் எட்டும் உயரத்தில் இருந்த மஞ்சள் தொட்டில் அது. கையால் தள்ளினார், அது போய்த் திரும்பி வந்தது. துணி திரும்பி வருவதுபோல் வரவில்லை, உள்ளே ஆள் இருக்கிற தொட்டில் திரும்பி வருவதுபோல் நிதானமாக வந்தது. எட்டிப் பார்த்தார். கூழாங்கல் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அவர் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு, டீக்கடைக்குப் போய் ஒரு டீ வாங்கிக் குடித்து, பாதி குடித்த பிறகுதான் சொன்னார்.

"அர்த்தநாரி வூட்டுத் தொட்டில் கனக்குதுப்பா."

"பனி பேஞ்சு ஈரமா இருக்கும்," என்றார் டீக்கடைக்காரர்.

"ஈரக்கனம் எனக்குத் தெரியாதா? இது ஆள்கனம்."

அன்று மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப்பேர் வந்து தொட்டிலுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். அவிழ்க்கத்தான் கூடாது, தாங்கிப் பார்க்கலாம் என்று பூசாரி சொல்லியிருந்தார். அண்ணியோடு கரும்புக்கட்டு சுமக்கிற அத்தாயி அக்கா தலைச் சும்மாட்டைக்கூட எடுக்காமல் வந்து, கையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"பத்து மாசப் புள்ளைக் கனம்," என்றாள். "நாலு பெத்து வளத்த கை. எனக்குத் தெரியும்."

அங்கன்வாடி டீச்சர் பிள்ளைகளை நிறுக்கிற கொக்கித் தராசை எடுத்துவந்தாள். முடிச்சை அவிழ்க்காமலேயே தொட்டிலின் அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தாள். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு அவள் தராசைச் சுருட்டிப் பையில் போட்டாள். எவ்வளவு, எவ்வளவு என்று எல்லாரும் கேட்டார்கள். "கடைசியா நான் நிறுத்தப்போ மகி எவ்வளவு இருந்தாளோ அவ்வளவு," என்றாள். அடுத்த மாதம் வந்து நிறுத்தாள். கொஞ்சம் ஏறியிருந்தது. நல்லா சாப்பிடுற பிள்ளைக்கு அந்த வயதில் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏறியிருந்தது.

ஊர் அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைச் செய்தது. வாழைத்தாருக்கு முட்டுக் கொடுப்பதுபோல் அந்தக் கிளைக்கு மூங்கில் முட்டுக் கொடுத்தார்கள். வெயில் ஏறிய பிறகு தொட்டிலின் மேல் நிழல் விழுகிற மாதிரி ஒரு தென்னங்கீற்றைக் கட்டினார்கள். தொட்டிலுக்குப் பக்கத்தில் சத்தமாகப் பேசுகிறவர்களை மற்றவர்கள் அதட்டினார்கள். வெளியூர்ப் பெண்கள் வந்தார்கள், கையைக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சிலர் சிரித்தார்கள், சிலர் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். பஸ் கண்டக்டர் ஓலப்பட்டி என்று கூவுவதை விட்டுவிட்டு 'தொட்டில் கோயில் எறங்கு' என்று கூவத் தொடங்கினார். கேமராவோடு ஒரு பையன் வந்து காலையிலிருந்து சாயந்திரம்வரை படம் பிடித்தான், வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் காற்றில் ஆடாத ஒரு மஞ்சள் துணி மட்டும் இருந்ததாம். எடையைப் படம் பிடிக்க முடியாது. டவுனிலிருந்து விஞ்ஞானப் பிரச்சாரம் செய்கிற ஒரு சார் வந்தார், நல்ல மனிதர், யாரையும் கேலி செய்யவில்லை. கல்லைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார், தானும் கையைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு டீக்கடை பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு பிள்ளை இருந்து இல்லாமல் போயிருந்ததை அத்தாயி அக்காதான் எப்படியோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னாள். மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை.

தொட்டில் ஏன் கனக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அம்மன் என்ன சொல்கிறாள் என்பதில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்தது. பூசாரி காளியண்ணனும் அவரைச் சேர்ந்தவர்களும், அம்மன் கேட்கிறாள் என்றார்கள். எடைக்கு எடை என்று சொன்ன வாக்கு நிற்கிறது, வாக்குக்கு எடை உண்டு, செலுத்தாமல் இருக்க இருக்க ஏறத்தான் செய்யும். அத்தாயி அக்காவும் அவளைச் சேர்ந்தவர்களும், அம்மன் தருகிறாள் என்றார்கள். எடுத்ததை வைத்துக்கொள்ள மனசில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறாள், முதலில் கனம் வந்திருக்கிறது, பிறகு கை கால் வரும். 'கேக்கறா' கட்சியும் 'தர்றா' கட்சியும் டீக்கடையில் வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரே வீட்டில் புருஷன் ஒன்றும் பெண்டாட்டி ஒன்றுமாக இருந்து சண்டை போட்டு, ரசத்தில் உப்புப் போடாமல் பழிவாங்கிய கதையெல்லாம் நடந்தது.

"நீ பிசிக்ஸ் படிச்சவதான சுகந்தி, நீ சொல்லு, கேக்கறாளா தர்றாளா?" என்று என்னை நிறுத்திக் கேட்டார்கள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான், எடை என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதித் தேறியவள், என் கையையும் அந்தத் தொட்டிலுக்கு அடியில் கொடுத்துப் பார்த்திருந்தேன், என் அண்ணன் மகளை நான் தூக்கிச் சுமந்த அதே கை அதே கனத்தைச் சொன்னது.

"தெரியலைன்னு சொல்றதுக்கா இத்தனை வருசம் பஸ் ஏறிப் போன?" என்றாள் அத்தாயி அக்கா.

இரண்டு கட்சிக்கும் நடுவில் என் அண்ணி வீட்டிலேயே இருந்தாள். ஆலைக்கொட்டகைக்குப் போவாள், வருவாள், கோயில் பக்கம் மட்டும் போகவில்லை. தொட்டில் கனப்பது அவளுக்குத் தெரியும். எல்லாரும் வந்து சொன்னார்கள். சொல்கிறவரைக் கூர்ந்து பார்த்துக் கேட்டுக்கொண்டு, டம்ளரில் மோர் ஊற்றிக் கொடுத்து அனுப்புவாள்.

அண்ணன் வேறு மாதிரி இருந்தான். சேலத்திலிருந்து வந்த அன்றே வீட்டிலிருந்த சாமி படங்களையெல்லாம் கழற்றி ஒரு வெல்லச்சாக்கில் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டான். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அண்ணி சாயந்திரம் விளக்கேற்றி அந்த ஆணிக்கு முன்னால் வைத்தாள். மறுநாளும் வைத்தாள். மாதக்கணக்கில் வைத்தாள். சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த என் அண்ணனுக்கு அந்த ஆணியும் விளக்கும் கண்ணில் தூசி விழுந்ததுபோல் இருந்தது.

"எதுக்கு ஆணிக்கு வெளக்கு வெக்கிற?" என்று ஒருநாள் கேட்டான்.

"படத்தத்தான எடுத்து மேல போட்டீங்க. அவளையுமா மேல போட்டீங்க?"

"நம்ம புள்ளைய எடுத்துக்கிட்டாளே கோதை."

"அதத்தான் கேட்டுட்டிருக்கறேன்."

"சொன்னாளா?"

"இன்னும் சொல்லலைங்க."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். நான் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அவள் முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. பக்தி மாதிரியும் இருந்தது, பிடிவாதம் மாதிரியும் இருந்தது.

"உங்களுக்கு அவ மேல கோவமே இல்லையா அண்ணி?"

"ஏன் இல்லாம? கோவப்படறதுக்கு வேற ஆரு இருக்கறா சொல்லு. டாக்டரு நல்ல மனுசன். கடிச்ச கொசு இந்நேரம் செத்துப் போயிருக்கும். உங்கண்ணன பாத்தா அழுகைதான் வருது. மிச்சம் இருக்கறது அவ ஒருத்திதான்."

"அப்ப கோயிலுக்குப் போயே கேக்கலாம்ல?"

அவள் திரியைத் தூண்டிவிட்டாள். "போனா தொடுவேன். தொட்டா தூக்குவேன். தூக்குனா எறக்கி வெக்க முடியாது கண்ணு." எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவுத்துட்டா எனக்கும் அவளுக்கும் பேச்சு முடிஞ்சதுன்னு ஆயிரும். வாங்குனேன், குடுத்தேன், தீந்துச்சுன்னு. எனக்குத் தீரலை."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தேன். அவிழ்க்காமல் இருந்தால் கிளையில் பிள்ளையின் கனம் இருக்கும், அம்மனோடு அவளுக்கு இருக்கிற கணக்கு முடியாமல் இருக்கும். அவிழ்த்தால் இரண்டும் போய்விடலாம். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். நானும் சொல்லவில்லை.

சித்திரை வந்தது. காற்றும் வந்தது. மூங்கில் முட்டு மண்ணுக்குள் இறங்கிவிட்டது, வேறு முட்டுக் கொடுத்தார்கள், அதுவும் இறங்கியது. அந்தக் கிளையில் வேறு பெண்களின் தொட்டில்களும் இருந்தன. அந்தப் பெண்கள் மரத்தடியிலேயே முறை வைத்து உட்காரத் தொடங்கினார்கள். கோயில் நோன்புத் திருவிழாவுக்கு நாள் சாட்டுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஊர் கூடியது. இரண்டு கட்சியும் பிரிந்த பிறகு முதல் முறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். கேட்கிறாளோ தருகிறாளோ, பூங்கோதையைக் கஷ்டப்படுத்த வேண்டாம், அவளுடைய வேண்டுதலை ஊரே சேர்ந்து செலுத்திவிடலாம். கொட்டகைக்கு ஒரு மூட்டை என்று வெல்லம் வந்து குவிந்தது. அவ்வளவு நல்ல மனசோடு ஓலப்பட்டியில் ஒரு காரியம் நடந்து நான் பார்த்ததில்லை.

வெல்ல மண்டியில் நிறுக்கிற சடையப்பண்ணன் தன்னுடைய பெரிய தட்டுத் தராசை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து மரத்துக்குக் கீழே நிறுத்தினார். தொட்டிலை அவிழ்க்கக்கூடாது அல்லவா, அதனால் கிளையில் கயிறு போட்டு ஆறேழு பேர் இழுத்துக் கீழே வளைத்தார்கள், தொட்டில் மெல்ல இறங்கி ஒரு தட்டில் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் தட்டு தரையைத் தொட்டது. எல்லாரும் கும்பிட்டார்கள். அடுத்த தட்டில் வெல்லத்தை வைத்தார்கள், உருண்டை உருண்டையாக. முள் நடுவுக்கு வந்தது.

சடையப்பண்ணன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பிறகு, பல வருஷமாக மண்டியில் ஒவ்வொரு மூட்டைக்கும் செய்கிறதைப்போல, யோசிக்காமல், சாக்கு எடையைக் கழிப்பதற்காக வெல்லத் தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணா அது?" என்றாள் அத்தாயி அக்கா.

"துணிக்கும் கல்லுக்கும் கழிச்சாச்சு."

"ஏண்டா பாவி, புள்ளைய நிறுக்கறப்போ எவனாச்சும் துணி எடை கழிப்பானா?"

அவர் முகம் அவிந்த விளக்காகிவிட்டது. எடுத்த உருண்டையைத் திரும்ப வைக்கக் குனிந்தார். ஆனால் சத்தம் கேட்டுக் கயிறு பிடித்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்திருந்தார், பிடி தளர்ந்தது, கயிறு கைகளை அறுத்துக்கொண்டு ஓடியது. கிளை மேலே துள்ளியது. தொட்டில் தட்டிலிருந்து எழும்பி உயரே போய், கனத்தோடு கீழே இழுத்து நின்றது. கிளை அடிமரத்தோடு சேர்கிற இடத்தில் பட்டென்று ஒரு சத்தம். வெள்ளையாக ஒரு கீறல் வாய் திறந்தது.

ஒடியவில்லை. ஆனால் அடுத்த காற்றுக்கு நிற்காது என்று பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. ஊர் குவித்த வெல்லம் அப்படியே கிடந்தது, அதை ஈ மொய்த்தது, கழித்த உருண்டையால்தான் ஆத்தா ஏற்கவில்லை என்று சிலரும், வேறு கை செலுத்தியதால்தான் ஏற்கவில்லை என்று சிலரும், அவள் ஏற்கிறாள் ஏற்கவில்லை என்று நமக்கு யார் சொன்னது என்று ஓரிருவரும் பேசிக்கொண்டார்கள். சடையப்பண்ணன் தராசை எடுத்துப்போகாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்திரம் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். யாரும் அதிகாரமாகப் பேசவில்லை. அத்தாயி அக்காகூட வாசலில் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் வளர்மதி நின்றிருந்தாள். கீழத்தெருவில் வாக்கப்பட்டு வந்த பெண். அவளுடைய தொட்டிலும் அந்தக் கிளையில்தான் இருந்தது. கல்யாணமாகிப் பல வருஷத்துக்குப் பிறகு இப்போது அவளுக்கு ஆறாவது மாதம், பிள்ளை பிறந்து வேண்டுதல் செலுத்தும்வரை அவளால் தொட்டிலை அவிழ்க்க முடியாது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், எங்கள் வீட்டு நிலைப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி அவளைத்தான் பார்த்தாள். நான் அண்ணியின் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன், அதில் இரக்கம் வந்ததா பொறாமை வந்ததா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. இரண்டும் வந்திருக்கும்.

"காலைல வர்றேன்," என்றாள். "போய்ப் படு வளரு. ரொம்ப நேரம் நிக்காத."

காலையில் குளித்துவிட்டு, தான் வேலை செய்கிற கொட்டகையில் தானே அடித்து உருட்டிய வெல்லத்தை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டாள். கூடையை நான் சுமந்தேன். அண்ணன் வரவில்லை. ஆனால் நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

ஊரே இருந்தது. சடையப்பண்ணன் எழுந்து தராசின் தட்டைத் தன் துண்டால் துடைத்தார். "இந்தத் தடவை ஒரு குந்துமணி கழிக்க மாட்டேன் அம்மிணி," என்றார்.

"தராசு வேண்டாங்கண்ணா," என்றாள் அண்ணி.

நேராக மரத்தடிக்குப் போனாள். இடது கையைத் தொட்டிலுக்கு அடியில் கொடுத்தாள். கொடுத்ததும் அவள் இடுப்பு தானாக ஒரு பக்கம் ஒடிந்தது, பிள்ளை வைத்திருக்கிற பெண்ணின் இடுப்பு ஒடிவதுபோல். வலது கையால் முடிச்சை அவிழ்த்தாள். முதலில் செலுத்த வேண்டும், பிறகுதான் அவிழ்க்க வேண்டும். பூசாரி தடுக்கக் கையை நீட்டி, மடக்கிக்கொண்டார். கிளை பெருமூச்சு விட்டதுபோல் மேலே போனது, கீறலின் வாய் மூடிக்கொண்டது, வளர்மதி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அண்ணி தொட்டிலை இடது கையில் ஏந்திக்கொண்டு சன்னதிக்கு முன்னால் போய் நின்றாள். வலது கையில் புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்தாள்.

"சுகந்தி, வெல்லத்தை இதுல போடு."

நான் ஒவ்வொரு உருண்டையாக எடுத்துப் போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் சாய்ந்திருந்த அவள் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக நேராவதை நான் பார்த்தேன். அண்ணியே தராசாக நின்றாள். எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, கூடை தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது, தீராமல் இருந்துவிடுமோ என்றும் பயமாக இருந்தது. தோள் இரண்டும் ஒரே மட்டமானபோது அவள் "போதும்" என்றாள். பிறகு, "அதுக்கு மேல ஒண்ணு போடு, பொறந்தநாளுக்கு," என்றாள். போட்டேன்.

அவள் குனிந்து வெல்லத்தை அம்மன் காலடியில் சரித்தாள். தொட்டிலை வைக்கவில்லை. அதை இடுப்பில் அணைத்தபடியே நிமிர்ந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"நீ குடுத்ததுக்கு நான் சொன்னதக் குடுத்துட்டேன். ஒரு உருண்டை அதிகமாவே குடுத்துட்டேன். நீ எடுத்ததுக்கு என்ன சொல்ற?"

ஓலப்பட்டியில் மடிக்காரியிடம் யாராவது நேராகக் கேள்வி கேட்டால் அவள் பூசாரி மேல் வந்து பதில் சொல்லுவாள். காணாமல் போன மாட்டைப் பற்றிக் கேட்டால் சொல்லுவாள், ஓடிப்போன மகனைப் பற்றிக் கேட்டால் சொல்லுவாள். எல்லாரும் காளியண்ணனைப் பார்த்தார்கள். உடுக்கைக்காரர் உடுக்கையை எடுத்து அடித்தார். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் தோளில் லேசாக ஒரு நடுக்கம் ஓடியது, கூட்டம் முன்னால் சாய்ந்தது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற என் அண்ணனும் திரும்பியிருந்தான். உடுக்கை வேகமானது. வெயில் ஏறியது. பூசாரியின் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவர் நினைத்திருந்தால் ஆடியிருக்கலாம். ஆடி ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள், எல்லாரும் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

அவர் கண்ணைத் திறந்தார். குழந்தை மாதிரி உதடு பிதுங்கியது.

"வரலை ஆத்தா," என்றார் என் அண்ணியைப் பார்த்து. "நானும் கூப்புட்டுப் பாத்துட்டேன். வரலை."

உடுக்கை நின்றது. அத்தனை பேர் நின்ற இடத்தில் இலுப்பைச் சருகு உருளுகிற சத்தம் கேட்டது. இப்போது இவள் உடைந்து விழுவாள் என்று நினைத்து அவளைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

அண்ணி விழவில்லை. அம்மனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"சரி, இருக்கட்டும்," என்றாள். "நாளைக்கு வந்து கேக்கறேன்."

திரும்பி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. அத்தாயி அக்காவுக்கு மட்டும் பொறுக்கவில்லை, பக்கத்தில் ஓடிவந்து, "கண்ணு, செலுத்திட்டியே, இன்னும் கனக்குதா அது?" என்று கேட்டாள்.

"ம்," என்றாள் அண்ணி.

அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு ஊர் மறுபடியும் இரண்டாகப் பிரிந்தது. உண்மையிலேயே கனக்கிறது என்று ஒரு கட்சி; கேட்டவளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனாள், பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு வெறும் துணியும் கனக்கத்தான் செய்யும் என்று ஒரு கட்சி. அது கனத்ததா என்று என்னிடமும் கேட்டார்கள். அண்ணி அதை யாரிடமும் கொடுக்கவில்லை, நானும் வாங்கிப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. கேட்கத் தைரியம் வரவில்லை. வீடுவரை அவள் இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்தே இருந்தது, வழியில் ஒரு முறை இடம் மாற்றி வைத்துக்கொண்டாள். நான் பார்த்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவள் தலைசீவிக் கிளம்பி, என்னையும் வரச்சொன்னாள். வாசலில் அண்ணன் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். செருப்பைத்தான். ஒன்று கிடைத்துவிட்டது, இன்னொன்றை நாய் எங்கேயோ இழுத்துப் போட்டிருந்தது.

"எங்கிங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் அண்ணி.

அவன் நிமிரவில்லை. வாசலில் கிடந்த கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே சொன்னான்.

"நான் ஒண்ணும் கும்பிட வரலை. அவ பாட்டுக்கு இன்னைக்குப் பதில் சொல்லி, நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டா?"